எக்ஸ்பாத்தில் எலிமென்ட்களை எண்ணுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்பாத் என்பது எக்ஸ்எம்எல் கோப்பிலோ வலைப்பக்கத்திலோ வேண்டிய பகுதியைப் பாதை போல எழுதித் தேடும் மொழி. ஒரு கோப்பிலோ பக்கத்திலோ குறிப்பிட்ட எலிமென்ட் (பெயரிட்ட குறிகளால் சூழப்பட்ட பகுதி) இருக்கிறதா, இருந்தால் எத்தனை என்று பார்ப்பது சோதனை எழுதுபவர்களுக்கும் தரவு சரிபார்ப்பவர்களுக்கும் அன்றாட வேலை. ஒரே விடையைத் தரும் இரண்டு எக்ஸ்பாத் கோவைகளில் (எக்ஸ்பிரஷன்) ஒன்று உடனே முடியும், மற்றொன்று கோப்பின் கடைசி வரி வரை போய்த் திரும்பும். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு எல்லோரும் இறக்கிப் பார்க்கக்கூடிய கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிடும் தமிழ் விக்கிப்பீடியா எக்ஸ்எம்எல் டம்ப் (தளத்தின் பக்கங்களைக் கொண்ட நகல் கோப்பு). அதன் வேர் எலிமென்டுக்குள் ஒவ்வொரு பக்கமும் ஒரு எலிமென்ட். பக்கத்துக்குள் தலைப்பு, பெயர்வெளி எண் (கட்டுரை, வார்ப்புரு போன்ற பக்க வகையைக் காட்டுவது), அடையாள எண், வழிமாற்றுப் பக்கமானால் அதற்கான எலிமென்ட், பிறகு ஒன்றோ பலவோ திருத்தங்கள். திருத்தத்துக்குள் நேரம், பங்களிப்பாளர், உரை. உண்மையான டம்ப்பில் இந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே `விக்கி`, `பக்கம்`, `திருத்தம்` என்று தமிழில் எழுதுகிறேன். எக்ஸ்எம்எல் 1.0 தமிழ்ப் பெயர்களை அனுமதிப்பதால் எலிமென்ட் பெயர்களைப் பொறுத்தவரை இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் `கவுன்ட்`, `நாட்`, `அண்ட்`, `பொசிஷன்` போன்ற எக்ஸ்பாத்தின் சொந்தச் சொற்களை நிரலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கவுன்ட் உள்ளே என்ன செய்கிறது?

`கவுன்ட்(/விக்கி/பக்கம்)` என்று எழுதினால் இன்ஜின் (கோவையை இயக்கும் மென்பொருள்) முதலில் அடைப்புக்குள் இருக்கும் பாதைக்குப் பொருந்தும் நோடுகளை (எலிமென்ட், உரை போன்ற ஆவணக் கூறுகளை) எல்லாம் கண்டுபிடிக்கும், பிறகு எத்தனை என்று சொல்லும். எண்ணும் வேலை மலிவு, கண்டுபிடிக்கும் வேலைதான் செலவு. எக்ஸ்பாத் 1.0-இல் நோடுகளின் தொகுப்பு கணிதத்தில் வரும் கணம் (செட்) போன்றது, ஒரே நோடு அதில் இரண்டு முறை வராது. ஆகவே பல வழிகளில் ஒரே நோடை அடையக்கூடிய பாதையானால், இரட்டிப்பை நீக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

1.0-இல் விடை எப்போதும் மிதவைப்புள்ளி எண்ணாக வரும். 2.0-இலிருந்து முழு எண்.

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும். அதற்கும் கவுன்ட் வேண்டுமா?

வேண்டாம். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் யாரும் மணிகளை எண்ண உட்காருவதில்லை. `கவுன்ட்(//வழிமாற்று) > 0` என்பது அந்தக் கேள்விக்கு எண்ணிப் பார்த்து விடை சொல்கிறது. இதையே

`பூலியன்(//வழிமாற்று)`

என்று எழுதலாம். தொகுப்பில் ஒன்றாவது இருந்தால் உண்மை, இல்லையென்றால் பொய். முதல் ஒன்றைக் கண்டதுமே நிறுத்திவிடும் உரிமை இன்ஜினுக்குக் கிடைக்கிறது. இல்லை என்று உறுதிசெய்ய `நாட்(//வழிமாற்று)` போதும். சதுர அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனையில் `பூலியன்` என்று எழுதவும் தேவையில்லை. `பக்கம்[வழிமாற்று]` என்றாலே வழிமாற்று உள்ள பக்கம் என்றுதான் பொருள்.

2007 ஜனவரியில் வந்த எக்ஸ்பாத் 2.0 இதற்கென்றே `எக்ஸிஸ்ட்ஸ்`, `எம்ப்டி` என்று இரண்டு ஃபங்ஷன்களைத் தந்தது. படிப்பவருக்கு நோக்கம் உடனே விளங்கும் என்பதால், கிடைக்கும் இடத்தில் இவற்றைப் பயன்படுத்துங்கள். பிரவுசர்களும், பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் போன்றவற்றுக்கு அடிப்படையான லிப்எக்ஸ்எம்எல்2 நூலகமும் இன்றும் 1999 நவம்பரில் வெளிவந்த 1.0-இல்தான் இருக்கின்றன. அங்கே இவை இல்லை.

நல்ல இன்ஜின் இதைத் தானே சரிசெய்துகொள்ளாதா?

சில செய்யும். மைக்கேல் கே உருவாக்கிய சாக்ஸன் என்ற இன்ஜின், எண்ணிக்கையை 0-உடன் ஒப்பிடும் கோவையைக் கண்டால் அதை இருப்புச் சோதனையாகவே மாற்றிக்கொள்கிறது. தேவைப்படும்போது மட்டும் அடுத்த நோடை எடுக்கும் அமைப்பு அதற்கு இருப்பதால் அந்த மாற்றம் பலன் தருகிறது.

லிப்எக்ஸ்எம்எல்2 வேறு மாதிரி. அது பெரும்பாலும் தொகுப்பை முழுதாகச் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகும். சில வடிவங்களுக்கு மட்டும் குறுக்கு வழி வைத்திருக்கிறது. ஒரு பாதைப் படியில் `[3]` என்று நிலையான எண் இருந்தால், மூன்றாவது கிடைத்ததும் அந்த இடத்தில் தேடுவதை நிறுத்திவிடும். பிறை அடைப்பிட்ட முழுத் தொகுப்பின் முதல் உறுப்பைக் கேட்டாலும் தனி வழி உண்டு. ஆனால் பிறை அடைப்புக்குப் பின் `[500]` என்று போட்டால் எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் 500-ஆவதை எடுத்துத் தரும்.

எனவே இன்ஜினை நம்பி எழுதாதீர்கள். உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் கேட்கும் கோவையை எழுதுங்கள். அப்படி எழுதினால் எந்த இன்ஜினிலும் நட்டமில்லை, சிலவற்றில் பெரிய லாபம் உண்டு.

குறைந்தது இத்தனை இருக்க வேண்டும் என்பதை எப்படிச் சோதிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நேரமிருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இருக்கிறது என்றால் குறைந்தது மூன்று இருக்கிறது. ஆகவே

`/விக்கி/பக்கம்[கவுன்ட்(திருத்தம்) >= 3]`

என்பதை

`/விக்கி/பக்கம்[திருத்தம்[3]]`

என்று எழுதலாம். டம்ப்பில் இரண்டு வகை உண்டு: பக்கத்துக்குக் கடைசித் திருத்தம் ஒன்றை மட்டும் வைத்திருப்பது, முழு வரலாற்றையும் வைத்திருப்பது. முழு வரலாற்று டம்ப்பில் அதிகம் திருத்தப்பட்ட பக்கம் ஆயிரக்கணக்கான திருத்தங்களைக் கொண்டிருக்கலாம். முதல் கோவை அத்தனையையும் எண்ணிவிட்டு மூன்றுடன் ஒப்பிடும். இரண்டாவது கோவை மூன்றாவது திருத்தத்தோடு நின்றுவிடும். கையிலிருக்கும் கோப்பு ஒற்றைத் திருத்த வகையா, முழு வரலாறா என்று அறிய `பூலியன்(/விக்கி/பக்கம்/திருத்தம்[2])` போதும்.

இதே முறையில் மற்றவை:

அதிகபட்சம் மூன்று: `நாட்(திருத்தம்[4])`
சரியாக மூன்று: `திருத்தம்[3] அண்ட் நாட்(திருத்தம்[4])`
மூன்று முதல் ஐந்து வரை: `திருத்தம்[3] அண்ட் நாட்(திருத்தம்[6])`
ஒன்றே ஒன்று: `திருத்தம் அண்ட் நாட்(திருத்தம்[2])`

சரியாக மூன்று என்பதற்கு `கவுன்ட்(திருத்தம்) = 3` படிக்க எளிது. தொகுப்பு எப்போதும் சிறியது என்று தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு உறுப்புகளை எண்ணுவதில் மிச்சம் பிடிக்க ஏதுமில்லை. அளவு எதுவரை போகும் என்று சொல்ல முடியாத இடத்தில்தான் இந்த வடிவம் உதவும்.

ஆவணம் முழுவதிலும் இரண்டு இருக்கிறதா என்று `//திருத்தம்[2]` எழுதினேன். இருக்கும்போதே இல்லை என்கிறது. ஏன்?

இரட்டைச் சாய்கோடு ஒரு சுருக்கெழுத்து. அதை விரித்தால் 'எந்த நோடாக இருந்தாலும், அதன் பிள்ளைகளில் இரண்டாவதாக வரும் திருத்தம்' என்று ஆகிவிடும். எண் அந்தந்தப் பெற்றோருக்குள் எண்ணப்படுகிறது, ஆவணம் முழுவதற்கும் அல்ல. பக்கத்துக்கு ஒரே திருத்தம் உள்ள டம்ப்பில் லட்சம் திருத்தங்கள் இருந்தாலும் எந்தப் பக்கத்திலும் இரண்டாவது இல்லை. விடை வெறுமை.

முழு ஆவணத்தில் இரண்டாவது வேண்டுமானால் பிறை அடைப்பு போட வேண்டும்:

`(//திருத்தம்)[2]`

இன்னொரு வழியும் உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை:

`/டிசென்டன்ட்::திருத்தம்[2]`

இங்கே வேரிலிருந்து கீழே இருக்கும் சந்ததி முழுவதும் ஒரே அச்சு (தேடல் செல்லும் திசை). ஆகவே எண் ஆவணம் முழுவதற்கும் செல்லும். பாதைப் படியிலேயே எண் அமர்ந்திருப்பதால், மேலே சொன்ன லிப்எக்ஸ்எம்எல்2-இன் குறுக்கு வழியும் இதற்குப் பொருந்தும். சுருக்கெழுத்தும் இந்த வடிவமும் ஒன்றல்ல என்று 1.0 விவரக்குறிப்பே ஒரு குறிப்பில் எச்சரிக்கிறது.

முந்தைய கேள்வியில் `பக்கம்[திருத்தம்[3]]` என்று பிறை அடைப்பில்லாமல் எழுதியது சரியே. அங்கே நேரடிப் பிள்ளைகளை மட்டும் பார்க்கிறோம், பெற்றோர் ஒருவர்தான்.

நிபந்தனைகளின் வரிசை எண்ணிக்கையைப் பாதிக்குமா?

எண் இருந்தால் பாதிக்கும். `பக்கம்[பெயர்வெளி = 0][5]` என்பது கட்டுரைப் பக்கங்களில் ஐந்தாவது. `பக்கம்[5][பெயர்வெளி = 0]` என்பது ஐந்தாவது பக்கம், அது கட்டுரையாகவும் இருந்தால் மட்டும். ஐந்து கட்டுரைகளாவது உண்டா என்று சோதிக்க முதல் வடிவம்தான் வேண்டும்.

`பக்கம்[கவுன்ட்(திருத்தம்)]` என்று எழுதினால் திருத்தம் உள்ள பக்கங்கள் எல்லாம் வராதா?

வராது. சதுர அடைப்புக்குள் வரும் கோவையின் விடை எண்ணாக இருந்தால் எக்ஸ்பாத் அதை வரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே ஒரு திருத்தம் இருந்தால், இந்தக் கோவை முதல் பக்கத்தை மட்டும் தரும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இது ஆபத்தானது. வேறு நிரல்மொழிகளில் 'பூஜ்யமல்லாத எண் என்றால் உண்மை' என்று பழகியவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம். `பக்கம்[திருத்தம்]` என்று எழுதுங்கள்.

அப்படியானால் கவுன்ட் எப்போது சரியான கருவி?

எண்ணே வேண்டும் என்னும்போது. அறிக்கையில் அச்சிட, இரண்டு எண்ணிக்கைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, தலைப்பில் எழுதியிருக்கும் மொத்தத்தோடு உண்மையான வரிசைகளை ஒப்பிட. சோதனை தோற்றால் எத்தனை எதிர்பார்த்தோம், எத்தனை வந்தது என்று சொல்லும் செய்தியும் இதில் சேரும். அந்தச் செய்தியைத் தோற்ற பிறகு மட்டும் கணக்கிட்டால் போதும்.

எக்ஸ்பாத் 1.0-இல் இன்னொரு பயனும் உண்டு. ஒரு நோடு குறிப்பிட்ட தொகுப்பில் உறுப்பா என்று பார்க்க `கவுன்ட்(. | $தொகுப்பு) = கவுன்ட்($தொகுப்பு)` என்று எழுதுவார்கள். உறுப்பாக இருந்தால் சேர்த்தாலும் எண்ணிக்கை மாறாது. 2.0-இல் இதற்கு `இன்டர்செக்ட்` வந்துவிட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவில் எத்தனை கட்டுரைகள் என்று டம்ப்பை எண்ணினால் தளம் காட்டும் எண் வருமா?

`கவுன்ட்(/விக்கி/பக்கம்)` அதைவிடப் பெரிய எண்ணைத் தரும். வார்ப்புருக்கள், பகுப்புகள், வழிமாற்றுகள் எல்லாமே பக்கங்கள்தான். கட்டுரைகளின் பெயர்வெளி எண் 0, ஆகவே

`கவுன்ட்(/விக்கி/பக்கம்[பெயர்வெளி = 0][நாட்(வழிமாற்று)])`

என்று கேட்க வேண்டும். அப்போதும் சிறு வேறுபாடு இருக்கலாம். மீடியாவிக்கி மென்பொருளின் இயல்பான அமைப்பு, உள்ளிணைப்பு ஒன்றாவது உள்ள பக்கத்தைத்தான் கட்டுரையாகக் கணக்கில் சேர்க்கிறது. டம்ப் எடுத்த நாளுக்குப் பின் வந்த மாற்றங்களும் இருக்கும். வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன், எதை எண்ணுகிறோம் என்பதை இப்படித் தெளிவாக்கிக்கொள்வது முக்கியம். தவறான எண்ணை விரைவாகப் பெற்று யாருக்கும் பயனில்லை.

இரட்டைச் சாய்கோட்டைத் தவிர்த்து முழுப் பாதை எழுதினால் உண்மையிலேயே வேகமா?

கட்டமைப்பு தெரிந்த கோப்பில், ஆம். `/விக்கி/பக்கம்` வேரின் பிள்ளைகளை மட்டும் பார்க்கும். `//பக்கம்` ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் இறங்கி, தலைப்பு, திருத்தம், பங்களிப்பாளர், உரை என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். பக்கத்துக்குள் பக்கம் வராது என்பது நமக்குத் தெரியும், இன்ஜினுக்குத் தெரியாது. ஒரு பக்கத்துக்குள் பத்துப் பதினைந்து எலிமென்ட்கள் என்றால் வேலையும் அந்த அளவுக்குப் பெருகும்.

வலைப்பக்கச் சோதனைகளில் இந்த அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். வேரிலிருந்து டிவ், டிவ் என்று நீளும் பாதை, வடிவமைப்பாளர் ஒரு பெட்டியைச் சேர்த்த அன்றே உடையும். அங்கே அடையாளப் பண்பு (ஐடி ஆட்ரிப்யூட்) உள்ள ஒரு பகுதியைப் பிடித்து, அதற்குள் மட்டும் தேடுவதே நல்லது.

நிச்சயமாக இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் 0 என்று வருகிறதே?

எக்ஸ்எம்எல் கோப்பானால் முதலில் நேம்ஸ்பேஸைப் (எலிமென்ட் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி; விக்கியின் பெயர்வெளி எண் வேறு) பாருங்கள். வேர் எலிமென்டில் முன்னொட்டு இல்லாத நேம்ஸ்பேஸ் அறிவிப்பு இருந்தால், உள்ளே உள்ள எல்லா எலிமென்ட்களும் அதைச் சேர்ந்தவை. எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டு இல்லாமல் எழுதிய பெயருக்கு 'எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாதது' என்று பொருள். ஆகவே ஒன்றும் பொருந்தாது. விக்கிமீடியா டம்ப் இந்த வகைதான், முதல் முறை திறப்பவர்களுக்கு 0 வருவதற்குக் காரணம் இதுவே. நிரலில் ஒரு முன்னொட்டை அந்த நேம்ஸ்பேஸ் முகவரியோடு இணைத்து, `/வி:விக்கி/வி:பக்கம்` என்று எழுத வேண்டும்.

பெயரை மட்டும் பார்க்கும் லோக்கல்-நேம் ஃபங்ஷனை நிபந்தனையில் வைத்து இதைச் சுற்றிப்போகலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். ஒருமுறை பார்க்கச் சரி. நிலையான நிரலில் வேண்டாம். ஒவ்வொரு எலிமென்டுக்கும் சரம் ஒப்பிடும் வேலை கூடும், கோவையும் படிக்க முடியாதபடி நீளும், வேறு நேம்ஸ்பேஸில் அதே பெயர் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

வலைப்பக்கமானால் காரணங்கள் வேறு. அட்டவணைக்குள் நேரடியாக வரிசைகளை எழுதியிருந்தாலும் பிரவுசர் நடுவில் டிபாடி என்ற எலிமென்டைத் தானே சேர்த்துவிடும். மூலத்தைப் பார்த்து எழுதிய நேரடிப் பிள்ளைப் பாதை அதனால் வெறுமையாகும். ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த வேறு ஆவணம்) இருப்பதும் ஷேடோ டாமுக்குள் (மற்றப் பகுதியிலிருந்து பிரித்து வைத்த உள்மரம்) இருப்பதும் வெளி ஆவணத்தின் எக்ஸ்பாத்துக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் பிறகு ஏற்றும் பகுதியானால் நீங்கள் எண்ணிய நேரத்தில் அது இன்னும் வந்திருக்காது.

இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறது. அது எப்படி?

பெரும்பாலும் கிளாஸ் பெயரை `கன்டெய்ன்ஸ்` கொண்டு தேடியதால். 'வரிசை' என்று தேடினால் 'வரிசைகள்', 'வரிசைத்தலைப்பு' எல்லாம் பொருந்தும். ஆட்ரிப்யூட்டின் இரு முனையிலும் ஓர் இடைவெளியைச் சேர்த்து, தேடும் சொல்லின் இரு பக்கமும் இடைவெளி வைத்துத் தேடுங்கள்:

`[கன்டெய்ன்ஸ்(கன்கேட்(' ', நார்மலைஸ்-ஸ்பேஸ்(@கிளாஸ்), ' '), ' வரிசை ')]`

அடுத்த காரணம், ஒரு எலிமென்டுக்குள் தேடுவதாக நினைத்து `//` என்று தொடங்குவது. சாய்கோட்டில் தொடங்கும் பாதை எப்போதும் ஆவணத்தின் வேரிலிருந்தே தொடங்கும். தற்போதைய எலிமென்டுக்குள் தேட முன்னால் புள்ளி வேண்டும்: `.//திருத்தம்`. இந்தப் புள்ளி விட்டுப்போன கோவையைச் சுழற்சிக்குள் வைத்தால் எண்ணும் தவறு, ஒவ்வொரு சுற்றிலும் முழு ஆவணத்தையும் அலசும் வீண் வேலையும் சேரும்.

`கவுன்ட்(நோட்())` என்று எழுதியிருந்தால் வரி முறிவுகளும் இடைவெளிகளும் உரை நோடுகளாகக் கணக்கில் வரும். எலிமென்ட்கள் மட்டும் வேண்டுமானால் `கவுன்ட்(*)`.

குறைவாகக் காட்டினால்?

சமமில்லை என்ற குறியைச் சந்தேகியுங்கள். `நூல்[@மொழி != 'தமிழ்']` என்பது மொழிப் பண்பு இருந்து, அது தமிழ் அல்லாதவற்றை மட்டும் பிடிக்கும். அந்தப் பண்பே இல்லாத நூல்கள் விடுபடும். `நூல்[நாட்(@மொழி = 'தமிழ்')]` இரண்டையும் பிடிக்கும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். பட்டியலை வாங்கி அதன் நீளத்தைப் பார்ப்பது சரியா?

விடை சரி, செலவு அதிகம். பட்டியலாக வாங்கும்போது ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பைத்தான் பொருள் உருவாகிறது. எண் மட்டும் வேண்டுமானால் `கவுன்ட்`-ஐ எக்ஸ்பாத்துக்குள்ளேயே வையுங்கள், ஒற்றை எண் திரும்பி வரும். அது 5.0 என்ற வடிவில் வருவதால் அச்சிடும் முன் முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். `பூலியன்` என்று சுற்றினால் பைத்தானின் உண்மை அல்லது பொய் கிடைக்கும். ஒரே கோவையைப் பல ஆவணங்களில் ஓட்டுவதானால் எல்எக்ஸ்எம்எல்-இன் எக்ஸ்பாத் கிளாஸால் ஒருமுறை தொகுத்து வைத்துக்கொள்ளலாம்.

வெற்று முன்னொட்டை நேம்ஸ்பேஸ் அகராதியில் கொடுத்தால் எல்எக்ஸ்எம்எல் எக்ஸ்பாத்தில் ஏற்றுக்கொள்ளாது. ஏதாவது ஓர் எழுத்தை முன்னொட்டாகக் கொடுங்கள்.

செலினியத்தில் `கவுன்ட்(...)` கொடுத்தால் பிழை வருகிறதே?

பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவியான செலினியத்தின் தேடல் எலிமென்ட்களைத்தான் எதிர்பார்க்கிறது. எண்ணைத் தரும் கோவையைக் கொடுத்தால் தவறான தேர்வி என்ற பிழையை எழுப்பும். பன்மை வடிவத் தேடலைப் பயன்படுத்திப் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதே வழக்கம். ஒன்றும் கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும். ஒருமை வடிவமானால் விதிவிலக்கு எழும். ஆகவே இருப்பைச் சோதிக்க விதிவிலக்கைப் பிடிப்பதைவிடப் பன்மை வடிவமே நேர்த்தி.

ஒவ்வொரு எலிமென்டுக்கும் ஒரு குறிப்பு பிரவுசரிலிருந்து உங்கள் நிரலுக்கு வந்து சேர வேண்டும். ஆயிரம் வரிசை உள்ள அட்டவணையில் மூன்றாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்க `(//டிஆர்)[3]` கொடுத்தால் ஒரே ஒரு குறிப்பு வரும். முழு எண்ணிக்கையே வேண்டுமானால் பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, ஆவணத்தின் எவாலுவேட் முறைக்கு `கவுன்ட்` கோவையை எண் வகையோடு கொடுங்கள். ஒற்றை எண் மட்டும் பயணிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்பது மறைமுகக் காத்திருப்பு. அதை 10 விநாடி என்று அமைத்திருந்தால், இல்லாத எலிமென்டைப் பன்மை வடிவில் தேடும்போதும் செலினியம் அந்த 10 விநாடியும் காத்திருந்துதான் வெற்றுப் பட்டியலைத் தரும். 'பிழைச்செய்தி எதுவும் இல்லை' என்று நூறு இடங்களில் சரிபார்க்கும் சோதனைத் தொகுப்பு இதனாலேயே கால் மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கும். கோவையை எவ்வளவு செதுக்கினாலும் அது மாறாது. மறைமுகக் காத்திருப்பைப் பூஜ்யமாக வைத்து, தேவையான இடத்தில் 'நீளம் ஐந்தாகும் வரை' போன்ற வெளிப்படையான காத்திருப்பை எழுதுங்கள்.

ஜாவாவில்?

விடை வகையைக் கேட்கும்போதே சொல்லலாம். நோடு தொகுப்பாக வாங்கி நீளம் பார்ப்பதைவிட, பூலியன் வகையையோ எண் வகையையோ கேளுங்கள். ஆவணத்தைப் படிக்கும் ஃபேக்டரியில் நேம்ஸ்பேஸ் உணர்வு இயல்பாக அணைந்திருக்கும். முன்னொட்டுள்ள கோவைகள் 0 தந்தால் அதை முதலில் இயக்குங்கள்.

தரவுத்தளத்தில் எக்ஸ்எம்எல் வைத்திருக்கிறோம். அங்கேயும் இதே விதியா?

ஆம். எஸ்கியூஎல் சர்வரில் எக்ஸ்எம்எல் வகைக்கு எக்ஸிஸ்ட் என்ற முறை உண்டு. இருப்புச் சோதனைக்கு எண்ணிக்கையை வாங்கி ஒப்பிடாமல் அதையே பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் 9.1 பதிப்பு முதல் எக்ஸ்பாத்துக்கான இருப்புச் சோதனை ஃபங்ஷன் இருக்கிறது. அங்கே எக்ஸ்பாத் விடை வரிசைப் பட்டியலாக வரும். வெற்றுப் பட்டியலின் நீளத்தை அர்ரே-லெங்த் கொண்டு கேட்டால் 0 வராது, நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வரும். ஒப்பீடு அதனால் தவறிப்போகும். கார்டினாலிட்டி ஃபங்ஷன் 0 தரும்.

ஒவ்வொரு வரிசைக்கும் வரிசை எண் போட `கவுன்ட்(பிரிசீடிங்-சிப்ளிங்::பக்கம்) + 1` எழுதினேன். பெரிய கோப்பில் நகரவே மாட்டேன் என்கிறது.

முதல் பக்கத்துக்கு முன்னால் 0, இரண்டாவதுக்கு 1, மூன்றாவதுக்கு 2 என்று ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி எண்ணுகிறது. 10,000 பக்கங்களுக்கு மொத்தம் 4,99,95,000 தொடுதல்கள். 20,000 ஆனால் ஏறக்குறைய நான்கு மடங்கு. எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியின் சுழற்சிக்குள் `பொசிஷன்()` அதே எண்ணை இலவசமாகத் தரும். நிரலிலிருந்து ஓட்டினால் சுழற்சியிலேயே ஒரு எண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். செலவு வரிசைகளின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் நிற்கும்.

அடையாள எண் இரட்டித்திருக்கிறதா என்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் `//பக்கம்`-ஐ முழுதாக எண்ணி ஒன்றைவிட அதிகமா என்று பார்ப்பதும் இதே வகைச் சிக்கல். 2.0 கிடைத்தால் இரண்டு எண்ணிக்கைகளை ஒருமுறை ஒப்பிட்டால் முடிந்தது:

`கவுன்ட்(டிஸ்டிங்ட்-வேல்யூஸ்(/விக்கி/பக்கம்/எண்)) = கவுன்ட்(/விக்கி/பக்கம்/எண்)`

1.0-இல் எக்ஸ்எஸ்எல்டியின் கீ அமைப்பைப் பயன்படுத்துங்கள். அது ஒருமுறை அகரவரிசை போல ஓர் அட்டவணை கட்டிவைத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு தேடலும் உடனே முடியும்.

கோப்பு பல ஜிகாபைட். எந்தக் கோவை எழுதினாலும் நினைவகம் நிரம்பிவிடுகிறது.

அப்போது சிக்கல் கோவையில் இல்லை. எக்ஸ்பாத் ஓட வழக்கமாக முழு ஆவணமும் மரமாக நினைவகத்தில் இருக்க வேண்டும், அந்த மரம் கோப்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆங்கில விக்கிப்பீடியா டம்ப் அளவுக்கு வந்துவிட்டால் மரம் கட்டும் எண்ணத்தையே விடுங்கள். எல்எக்ஸ்எம்எல்-இன் இட்டர்பார்ஸ் கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்து, எண்ணியைக் கூட்டி, படித்த எலிமென்டைக் காலிசெய்து, அதற்கு முன்னால் வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று எலிமென்ட்களையும் நீக்கிவிடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் நினைவகம் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். சிக்கலான நிபந்தனை இருந்தால், கையில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தின் மேல் மட்டும் `வி:திருத்தம்[2]` போன்ற சிறு கோவையை ஓட்டலாம்.

சாக்ஸனின் வணிகப் பதிப்பில் எக்ஸ்எஸ்எல்டி 3.0-இன் ஓடைமுறைச் செயலாக்கம் (ஸ்ட்ரீமிங்) உண்டு. அதில் `கவுன்ட்(/விக்கி/பக்கம்)` மரம் கட்டாமலே ஓடும்.

எண்ணிக்கை விதிகளை நிரலுக்கு வெளியே எழுதிவைக்க முடியுமா?

முடியும். ஒரு எலிமென்டுக்குள் இன்னொன்று குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை என்ற எளிய விதிகளை எக்ஸ்எம்எல் ஸ்கீமாவே கவனித்துக்கொள்ளும். 'வழிமாற்றுப் பக்கமானால் திருத்தம் ஒன்றாவது வேண்டும்' போன்ற நிபந்தனையுள்ள விதிகளுக்கு ரிக் ஜெலிஃப் உருவாக்கிய ஸ்கீமாட்ரான் பொருத்தம். ஐஎஸ்ஓ தரமாகவும் அது ஏற்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு விதியும் ஓர் எக்ஸ்பாத் கோவை.

அந்தக் கோவைகள் எக்ஸ்எம்எல் ஆட்ரிப்யூட்டுக்குள் அமர்வதால் 'சிறியது' என்ற குறியை நேரடியாக எழுத முடியாது, மாற்றுக்குறி வேண்டும். `கவுன்ட்(திருத்தம்)` நான்கைவிடச் சிறியது என்பதைத் திருப்பிப்போட்டு `4 > கவுன்ட்(திருத்தம்)` என்று எழுதினால் சிக்கல் தீரும். `நாட்(திருத்தம்[4])` என்று எழுதினால் ஒப்பீட்டுக் குறியே வேண்டாம்.